கேப்டன் இந்த வாரத்துக்கு, டிரான்ஸ்ஃபர் அடுத்த மாதத்துக்கு

வெள்ளிக்கிழமை மதியம் தாண்டினால் போதும், எங்கள் ஃபேன்டஸி கால்பந்து வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக வந்து விழுவது இரண்டே கேள்வி. யாரைத் தூக்கிவிட்டு யாரை எடுக்க? இந்த வாரம் யாருக்கு கேப்டன் போட? பெயர்கள்தான் மாறும், கேள்வி மாறவே மாறாது. ஆளுக்கு ஆள் தனியாகப் பதில் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால், இனி சுட்டியை அனுப்பிவிட்டு நான் பாட்டுக்கு என் அணியைப் பார்க்கலாம் என்றுதான் இது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் ஃபேன்டஸி ஆட்டம், அதாவது எஃப்பிஎல், நாம் கற்பனையாக ஓர் அணி கட்டி, அந்த ஆட்கள் நிஜ மேட்சில் ஆடுவதற்குப் புள்ளி வாங்கும் ஆட்டம், அதைப் பற்றி மட்டும். 100 மில்லியன் பட்ஜெட், 15 பேர், ஒரு கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் கூடாது என்கிற அடிப்படையெல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். விதி என்று நான் சொல்வதெல்லாம் 2025-26 சீசனில் இருந்தவை.

நான் சொல்ல வருவது இதுதான். டிரான்ஸ்ஃபர், அதாவது ஒருவரை விற்று இன்னொருவரை வாங்குவது, ஒரு மாதக் கணக்கு. கேப்டன், அதாவது அந்த வாரம் யாருடைய புள்ளி இரட்டிப்பாகும் என்பது, ஒரு மேட்ச் கணக்கு. நம்மில் நிறையப் பேர் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். போன வாரம் இரண்டு கோல் போட்டவரை ஞாயிறு ராத்திரியே அவசர அவசரமாக வாங்கிவிடுகிறோம், கேப்டனை மட்டும் ஆகஸ்டில் யாருக்குப் போட்டோமோ அவரிடமே கிறிஸ்துமஸ் வரை விட்டுவைக்கிறோம், கேட்டால் "அவரை நம்பித்தானே அவ்வளவு காசு போட்டிருக்கேன்" என்று ஒரு பதில்.

முதலில் டிரான்ஸ்ஃபர்.

2025 ஆகஸ்ட் 23-ஐ நினைத்துப் பாருங்கள். ஆர்சனல் சொந்த மைதானத்தில் லீட்ஸை 5-0 என்று துவைத்தெடுத்த நாள். யோகெரெஸுக்கு இரண்டு கோல், டிஃபெண்டரான டிம்பருக்கும் இரண்டு கோல். டிஃபெண்டர் போடும் கோலுக்கு 6 புள்ளி, எதிரணிக்கு ஒரு கோலும் கொடுக்காத கிளீன் ஷீட்டுக்கு 4, ஆக ஒரே மாலையில் டிம்பர் எங்கேயோ போய்விட்டார். மேட்ச் முடிந்த சூட்டில் ஆளாளுக்கு அவரை எடுத்தார்கள். அடுத்த மேட்ச் எங்கே என்று பார்த்தீர்களா? லிவர்பூலின் ஆன்ஃபீல்டில். 83-ஆவது நிமிடத்தில் சொபோஸ்லாய் தூரத்திலிருந்து அடித்த ஃப்ரீ கிக் உள்ளே போனது, லிவர்பூல் 1-0. ஆர்சனலுக்கு கோலும் இல்லை, கிளீன் ஷீட்டும் இல்லை.

போன வாரப் புள்ளியைத் துரத்தினால் இப்படித்தான் ஆகும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஆர்சனல் ஆட்களை எடுத்தது தப்பே இல்லை, எடுத்த காரணம்தான் தப்பு. ஆன்ஃபீல்டைத் தாண்டி அட்டவணையைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பார்த்திருந்தால், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் சொந்த மைதானத்தில் வருவது தெரிந்திருக்கும், கொஞ்சம் தள்ளி வெஸ்ட் ஹாமும் அங்கேயே வருவது தெரிந்திருக்கும். ஃபாரஸ்டை 3-0 என்று ஜெயித்தார்கள், யோகெரெஸும் ஒரு கோல் போட்டார். வெஸ்ட் ஹாம் 2-0. ஒரு மாதத்துக்கு என்று வாங்கியவருக்கு ஆன்ஃபீல்டு வெறும் ஒரு மோசமான வாரம், அவ்வளவுதான். லீட்ஸ் மேட்சைப் பார்த்து வாங்கிவிட்டு, ஆன்ஃபீல்டு கடுப்பில் ஃபாரஸ்ட் மேட்சுக்கு முன்னாலேயே விற்றவர்தான் இரண்டு பக்கமும் அடி வாங்கினார்.

அதனால் ஒருவரை எடுப்பதற்கு முன் நான் என்னையே கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: வரப்போகும் நான்கு மேட்சில் மூன்றிலாவது இவரை யோசிக்காமல் இறக்குவேனா? ஆமாம் என்றால் எடுக்கலாம். இந்த ஒரு மேட்சுக்கு மட்டும் நன்றாக இருக்கிறது என்றால், அது ஒரே ஒரு வாரத்துக்கு மட்டும் அணியை மாற்றிக்கொள்ள விடும் ஃப்ரீ ஹிட் என்கிற சிறப்புச் சலுகை, அதாவது சிப், செய்யவேண்டிய வேலை, அதற்குப் போய் டிரான்ஸ்ஃபரை வீணாக்கக் கூடாது.

சரி, ஒரு மாதத்துக்கு என்றால் எதைப் பார்த்து எடுப்பது? கோல் எண்ணிக்கையை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் நிமிடங்கள். 60 நிமிடம் ஆடினால்தான் 2 புள்ளி, அதற்குக் கீழே 1, டிஃபெண்டருக்கு கிளீன் ஷீட்டும் 60-ஐத் தாண்டினால்தான். வாரா வாரம் 58-ஆவது நிமிடத்தில் வெளியே கூப்பிடப்படுகிற விங்கர் எவ்வளவு அழகாக ஆடினாலும் எனக்கு வேண்டாம். அதற்கடுத்து பெனால்டி யார் எடுக்கிறார். 2023-24 சீசனில் பால்மர் கதை இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. சீசன் தொடங்கியபோது விலை 5.0, அப்போது அவர் மான்செஸ்டர் சிட்டியில்தான் இருந்தார், நிஜக் கிளப்புகளின் டிரான்ஸ்ஃபர் ஜன்னல் மூடும் நாளில் செல்சிக்கு வந்தார். அக்டோபர் தொடக்கத்தில் பர்ன்லி மைதானத்தில் ஒரு பெனால்டி கிடைத்தது, பந்தை எடுத்து வைத்து அடித்தவர் பால்மர். செல்சிக்காக அவருடைய முதல் கோல் அதுதான். வெறும் புள்ளிகளை மட்டும் பார்த்தவர்களுக்கு அது ஒரு பெனால்டி கோல். ஆனால் அவ்வளவு மலிவான மிட்ஃபீல்டர் ஒருவர் செல்சிக்கு பெனால்டி எடுக்கிறார் என்பது அந்த ஒரு கோலைவிடப் பெரிய செய்தி, ஏனென்றால் அது சீசன் முழுக்க வரப்போகிறது. 22 கோலில் முடித்தார், அதில் 9 பெனால்டி.

டிஃபெண்டர்களைப் பார்க்கும் விதம் 2025-26-இல் கொஞ்சம் மாறியது. கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் என்று எதிரணியைத் தடுக்கும் வேலை எல்லாம் சேர்த்து ஒரு மேட்சில் 10 வந்துவிட்டால் டிஃபெண்டருக்கு 2 புள்ளி. மிட்ஃபீல்டர், ஃபார்வர்டு என்றால் பந்தை மீட்டதையும் சேர்த்து 12 வரவேண்டும். அதுவரை கிளீன் ஷீட் போனால் டிஃபெண்டர் வேஸ்ட் என்று இருந்தது. இப்போது எவர்டனின் டார்கோவ்ஸ்கி மாதிரி நாள் முழுக்கத் தலையால் முட்டி, காலால் தட்டி, பந்தை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும் சென்டர் பேக்குகளுக்கு, அணி ஒரே ஒரு கோல் வாங்கித் தோற்றாலும் 4 புள்ளி வந்துவிடும். பெரிய கிளப்பின் ஓரத்து டிஃபெண்டரை 6 மில்லியனுக்கு வாங்கலாமா, இல்லை 4.5-க்கோ 5-க்கோ இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு மிச்சக் காசை முன்னால் போடலாமா என்று கேட்டால், நான் இரண்டாவது கட்சி. ஆர்சனல் மட்டும் விதிவிலக்கு, அவர்கள் கார்னர் கிக்கிலேயே கோல் சமைப்பவர்கள்.

அடுத்தது எப்போது எடுப்பது. ஒருவரை நிறையப் பேர் வாங்கினால் அவர் விலை ஏறும், இங்கேதான் அந்த விலை ஏற்றம் என்கிற பேய் வந்து பயமுறுத்துகிறது. "இன்னைக்கு ராத்திரி 0.1 ஏறப்போகுது, எடுத்துடு எடுத்துடு." கணக்கைப் பாருங்கள். 5.0-க்கு வாங்கிய ஆள் 5.3-க்குப் போனால், நீங்கள் விற்கும்போது கையில் வருவது 5.1. ஏறிய தொகையில் பாதிதான் உங்களுக்கு, அதையும் கீழ்நோக்கி முழுமையாக்கிவிடுவார்கள். 0.1 ஏறினால் உங்களுக்கு ஒன்றுமே கிடையாது, 0.2 ஏறினால்தான் 0.1. இந்தச் சில்லறைக்காக ஞாயிற்றுக்கிழமையே டிரான்ஸ்ஃபரை முடித்துவிட்டு, புதன்கிழமை சாம்பியன்ஸ் லீக்கில் அதே ஆள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்க்கும் கொடுமை தேவையா? அதுவும் வார நடுவில் ஐரோப்பிய மேட்ச் இருக்கும் கிளப் என்றால் எந்தக் காரணம் சொன்னாலும் நான் முன்கூட்டியே கை வைக்க மாட்டேன். வியாழனும் வெள்ளியும் மேனேஜர்கள் பத்திரிகையாளர்களைச் சந்திப்பார்கள், யாருக்கு என்ன காயம் என்று அங்கே பாதி உண்மையாவது வெளியே வரும். எடுக்க நினைத்தவரை அந்த 0.1-ஆல் வாங்க முடியாமலே போகும் அளவுக்குப் பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் மட்டும் முன்னாலேயே எடுங்கள்.

நேரமும் கவனம். முதல் மேட்ச் தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பு டெட்லைன். சனிக்கிழமை முதல் மேட்ச் இங்கிலாந்து நேரம் 12:30-க்கு என்றால், நமக்கு டெட்லைன் கோடைக் காலத்தில் மாலை 3:30, அவர்கள் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைத்தபின் 4:30. வெள்ளி இரவு மேட்ச் இருக்கும் வாரம்தான் ஆளை விழுத்தாட்டும். டெட்லைன் நம் கணக்கில் இரவு 11, குளிர்காலத்தில் நள்ளிரவு 12. சனிக்கிழமைதானே என்று நிம்மதியாகத் தூங்கப் போனால் அவ்வளவுதான்.

ஹிட் எடுக்கலாமா? இது வாரத்துக்கு ஒருவராவது கேட்பது. வாரத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் ஃப்ரீ, கையில் இருக்கும் ஃப்ரீக்கு மேல் எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி வெட்டு, அதுதான் ஹிட். ஃபார்வர்டு ஒரு கோல் போட்டால் எவ்வளவு? அதே 4. அதாவது ஒரு ஹிட் எடுத்து ஃபார்வர்டை மாற்றுகிறீர்கள் என்றால், அவர் போடப்போகும் முதல் கோலை முன்கூட்டியே அடகு வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறீர்கள். அவர் ஒரு கோல் போட்டு, நீங்கள் விற்றவர் சும்மா 90 நிமிடம் ஓடியிருந்தால், போனஸைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் கணக்கு சமம். லாபம் வரவேண்டும் என்றால் இரண்டாவது கோல் வேண்டும். இப்படிப் பார்த்தால் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரை விற்று ஆடிக்கொண்டிருக்கும் இன்னொருவரை ஹிட்டில் எடுப்பது அநேகமாக எப்போதுமே நஷ்டம். விதிவிலக்கு இரண்டு. ஒன்று, விற்பவர் காயத்தாலோ தடையாலோ ஆடவே மாட்டார், பெஞ்சிலும் இறக்க ஆள் இல்லை. இன்னொன்று, வரப்போகிறவருக்குத்தான் கேப்டன் போடப்போகிறீர்கள். அப்போது அவர் கோல் 4 இல்லை, 8, முதல் கோலிலேயே கடன் அடைந்து மிச்சமும் வரும்.

சும்மா இருப்பதும் ஒரு வழி என்று யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். 2024-25-இலிருந்து ஃப்ரீ டிரான்ஸ்ஃபரை 5 வரை சேர்த்து வைக்கலாம், முன்பெல்லாம் 2-தான். அணி முழுவதையும் வெட்டில்லாமல் மாற்ற விடும் வைல்டு கார்டு சிப் போட்டாலும், ஃப்ரீ ஹிட் போட்டாலும் சேர்த்தது அழியாது. கையில் மூன்று நான்கு இருக்கும்போது நீங்கள் செய்வது வேறு ஆட்டம். ஒரு விலையுயர்ந்த ஆளைக் கழற்றி, அந்தக் காசை இரண்டு இடத்தில் பிரித்துப் போட்டு, கூடவே ஒரு டிஃபெண்டரையும் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஹிட் இல்லாமல் முடிக்கலாம். ஒவ்வொரு வாரமும் ஒன்றைத் தொட்டே ஆகவேண்டும் என்று நாலாவது பெஞ்ச் ஆளை மாற்றிக்கொண்டிருப்பவர்களால் இது ஒருநாளும் முடியாது. அணியில் எரிகிற பிரச்சினை எதுவும் இல்லையா? விடுங்கள், சேரட்டும்.

இப்போது கேப்டன். இதில்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

2022 ஆகஸ்ட் 27, சனிக்கிழமை. நம் நேரம் இரவு 7:30-க்கு இரண்டு மேட்ச் ஒரே சமயத்தில் தொடங்கின. ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் போர்ன்மத்தும், எத்திஹாட்டில் சிட்டியும் கிரிஸ்டல் பேலஸும். கேப்டன் லிவர்பூலின் சலாவா, சிட்டியின் ஹாலந்தா என்று அந்த வாரம் முழுக்க ஒரே சண்டை. இடைவேளையில் ஸ்கோரைப் பாருங்கள்: லிவர்பூல் 5-0 முன்னிலை, சிட்டி 0-2 பின்னால். ஹாலந்துக்கு கேப்டன் போட்டவர்கள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு சாப்பிடப் போயிருப்பார்கள். ஆனால் அந்த ஐந்தில் ஒன்றுகூட சலாவினுடையது இல்லை, ஒரு அசிஸ்ட்கூட இல்லை. பரவாயில்லை, இன்னும் 45 நிமிடம் இருக்கிறது, போர்ன்மத் செத்துக் கிடக்கிறது, எப்படியும் வரும் என்றுதான் யாருமே நினைப்பார்கள். மேட்ச் 9-0 என்று முடிந்தது. ஃபிர்மினோ இரண்டு போட்டார், லூயிஸ் டியாஸ் இரண்டு போட்டார், டிஃபெண்டர்கள் போட்டார்கள், எதிரணி ஆளே ஒன்றைத் தன் வலைக்குள் போட்டுக்கொடுத்தார். சலாவுக்கு ஒன்றும் இல்லை, ஒன்பதில் ஒன்றிலும் இல்லை. அந்தப் பக்கம் ஹாலந்த் 62, 70, 81 என்று மூன்று போட்டு, சிட்டி 4-2 என்று ஜெயித்தது.

இதைச் சொன்னதும் "அப்போ சலாவுக்குப் போட்டது தப்பா?" என்று கேட்பார்கள். தப்பே இல்லை. சொந்த மைதானம், பலவீனமான எதிரி, பெனால்டி எடுப்பவர், 90 நிமிடம் நிச்சயம். நாளைக்கு இதே நிலைமை வந்தால் நான் மறுபடியும் போடுவேன். ஒரு மேட்ச் கணக்கு என்றால் இப்படித்தான் இருக்கும், சரியான முடிவுக்கு 6 புள்ளி கிடைக்கும், குருட்டுத்தனமான முடிவுக்கு 30 கிடைக்கும். முடிவை எடுத்த விதத்தை மட்டும் பாருங்கள், அடுத்த வாரம் பட்டியலை மறுபடியும் முதலிலிருந்து போடுங்கள். போன வாரம் ஏமாற்றினார் என்று ஒருவரை ஒதுக்குவதும், போன மாதம் காப்பாற்றினார் என்று ஒருவரையே பிடித்துத் தொங்குவதும் ஒரே வியாதிதான்.

அந்த இரண்டாவது வகைக்கு 2025-இன் தொடக்கத்தில் பால்மர். 2024 செப்டம்பர் 28 அன்று பிரைட்டனுக்கு எதிராக முதல் பாதியிலேயே நான்கு கோல் போட்டவர். யாரால் மறக்க முடியும்? ஜனவரி நடுவில் போர்ன்மத்துக்கு எதிராக ஒன்று போட்டார், அதற்குப் பிறகு லீகில் அவருடைய அடுத்த கோல் மே 4 வரை வரவில்லை. ஆனால் அட்டவணை ஆசை காட்டிக்கொண்டே இருந்தது. சொந்த மைதானத்தில் சவுத்தாம்ப்டன், அந்த சீசனின் கடைசி இடத்துக்காரர்கள். செல்சி 4-0, பால்மர் பெயர் இல்லை. அடுத்து அதே மைதானத்தில் லெஸ்டர், அவர்களும் சீசன் முடிவில் லீக்கை விட்டுக் கீழே இறங்கப்போகிறவர்கள். பெனால்டி கிடைத்தது, அதுவரை பிரீமியர் லீகில் ஒரு பெனால்டியையும் தவறவிடாத பால்மர் அடித்தார், கீப்பர் தடுத்துவிட்டார். தவறவிட்ட பெனால்டிக்கு 2 புள்ளி வெட்டு, கேப்டன் என்றால் 4. மேட்ச் 1-0, கோல் போட்டது டிஃபெண்டர் குக்குரெயா. இந்த இரண்டு வாரத்தில் எதிரி மட்டும்தான் சரியாக இருந்தது. ஷாட் குறைந்திருந்ததா, பாக்ஸுக்குள் பந்து கிடைக்கிறதா என்று கடைசி நான்கைந்து மேட்சைப் பார்க்காமல் "சவுத்தாம்ப்டன்தானே" என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால் இப்படி ஆகும்.

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும், இல்லையென்றால் சண்டைக்கு வருவீர்கள். அதே 2024-25-இல் சலாவுக்கு ஆகஸ்டில் கேப்டன் போட்டுவிட்டு மே மாதம் வரை பாஸ்வேர்டையே மறந்துபோனவர்கள்கூட நன்றாகத்தான் முடித்திருப்பார்கள். 29 கோல், 18 அசிஸ்ட், மொத்தம் 344 புள்ளி, எஃப்பிஎல் வரலாற்றில் அதுவரை யாரும் எடுக்காதது. சொந்த மைதானமோ வெளியூரோ அவருக்கு வித்தியாசம் இல்லை. தொடங்கும்போது விலை 12.5, ஹாலந்த் 15.0. அப்படி ஒரு சீசன் அமைந்தால் வாரா வாரம் மூளையைக் கசக்கவே தேவையில்லை, ஆனால் அதை நம்பி அடுத்த சீசனுக்குள் போனவர்கள் நிலைமை? 2025-26-இல் அதே சலா 14.5, பட்டியலிலேயே விலை அதிகமானவர். நவம்பர் கடைசியில் வெஸ்ட் ஹாம் மேட்சிலும், டிசம்பர் தொடக்கத்தில் லீட்ஸ் மேட்சிலும் பெஞ்சை விட்டு எழவே இல்லை. எவ்வளவு காசு கொடுத்து வாங்கினோம் என்பதற்கும் இந்த வாரம் யார் கோல் போடுவார் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பெஞ்ச் என்றதும் ஒன்று. கேப்டன் களத்துக்கே வராவிட்டால்தான் வைஸ் கேப்டனுக்கு இரட்டிப்பு போகும். 89-ஆவது நிமிடத்தில் உள்ளே வந்து இரண்டு முறை பந்தைத் தொட்டார் என்றால் முடிந்தது, அவர் ஆடியதாகத்தான் கணக்கு, 1 புள்ளி, இரட்டிப்பில் 2, வைஸ் கேப்டன் ஹாட்ரிக் போட்டிருந்தாலும் ஒற்றைப் புள்ளிதான். அதனால் காயச் சந்தேகத்தில் மஞ்சள் கொடி போட்டு, ஆட 75 சதவீதம் வாய்ப்பு என்று இருப்பவரை கேப்டன் போடுவதில் எனக்குப் பயம், அவர் ஆடாமல் போவதில்கூட இல்லை, கடைசியில் கொஞ்சம் ஆடுவதில்தான். முழுக்க ஆடுவாரா இல்லை ஆடவே மாட்டாரா என்று இருந்தால் போடலாம், அரைகுறை வேண்டாம்.

வைஸ் கேப்டனை வேண்டாவெறுப்பாக, ஏதோ ஒரு கோல்கீப்பருக்குப் போட்டுவைக்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். 2024 டிசம்பர் 7-ஐ அவர்கள் பார்க்கவேண்டும். குடிசன் பார்க்கில் எவர்டன், லிவர்பூல் மேட்ச், அந்த வாரத்தின் முதல் மேட்ச். மூன்று நாள் முன்பு நியூகாசிலில் இரண்டு கோல், ஒரு அசிஸ்ட் என்று சலா வெறியில் இருந்தார், பாதி உலகம் அவருக்குத்தான் கேப்டன் போட்டிருந்தது. டாரா புயல் வந்தது. மேட்ச் அன்று காலையில் ஒத்திவைப்பு என்று அறிவித்தார்கள், டெட்லைனுக்கு இன்னும் சில மணி நேரம். இங்கேதான் நமக்கு ஒரு யோகம்: இங்கிலாந்தில் காலை என்றால் நமக்கு மதியம், சாப்பிட்டுவிட்டு கையில் போனோடு இருக்கும் நேரம். அமெரிக்காவில் இருப்பவர்கள் தூக்கத்தில். பார்த்தவர்கள் பால்மருக்கு மாற்றினார்கள், அவர் அடுத்த நாள் ஸ்பர்ஸ் மைதானத்தில் இரண்டு பெனால்டியை உள்ளே தள்ளினார், ஒன்றைக் கீப்பர் விழுந்த பிறகு நிதானமாக நடுவில் தூக்கிப் போட்டார். பார்க்காதவர்களில் வைஸ் கேப்டனை உருப்படியாகப் போட்டிருந்தவர்கள் தப்பித்தார்கள். கோல்கீப்பருக்குப் போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. இரண்டாவது நல்ல கேப்டன் யாரோ அவர்தான் வைஸ், முடிந்தால் வேறு கிளப், வேறு நேரத்து மேட்ச்.

அந்த ஒத்திவைத்த மேட்ச் பிப்ரவரியில் திரும்பி வந்தது, சலாவுக்கு 24-ஆவது வாரத்தில் இரண்டு மேட்ச். டிரிபிள் கேப்டன் சிப்பை அப்போது போட்டவர்கள் சலாவின் போர்ன்மத் மேட்சில் இரண்டு கோல், குடிசனில் ஒரு கோல், ஒரு அசிஸ்ட் எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கிக்கொண்டார்கள். குடிசனில் 98-ஆவது நிமிடத்தில் டார்கோவ்ஸ்கி அடித்து 2-2 ஆக்கியது தனிக்கதை. இரட்டை வாரம் என்பதற்காகவே யாரோ ஒருவருக்கு டிரிபிள் போடாதீர்கள். ஏற்கெனவே வாரா வாரம் கேப்டன் லட்சணம் உள்ளவருக்கு இரட்டை வாரம் வந்தால் போடுங்கள். 2025-26-இல் எல்லா சிப்பும் சீசனின் பாதிக்கு ஒன்று என்று இரண்டு செட் வந்தது, முதல் செட் 19-ஆவது வார டெட்லைனோடு காலாவதி. அதனால் முதல் டிரிபிளை இரட்டை வாரத்துக்கென்று பொத்திப் பொத்தி வைக்கவும் முடியாது. சொந்த மைதானத்தில் ஹாலந்துக்கு லேசான எதிரி வந்தால் போட்டுத் தள்ளிவிட வேண்டியதுதான்.

கடைசியாக, எல்லோரும் போடும் கேப்டனையே நானும் போடவேண்டுமா என்பது. நண்பர்களோடு போட்டி போடும் உங்கள் மினி லீகைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எல்லோரும் ஹாலந்துக்கு கேப்டன் போட்டு, நீங்கள் அவரை வைத்திருந்தும் வேறொருவருக்குப் போட்டால், ஹாலந்தின் ஒவ்வொரு கோலுக்கும் அவர்களுக்கு 8, உங்களுக்கு 4. அணியிலேயே இல்லை என்றால் ஒவ்வொரு கோலுக்கும் 8 நஷ்டம். முன்னிலையில் இருப்பவர் வித்தியாசமாகச் செய்து நிரூபிக்க ஒன்றுமில்லை, துரத்துபவர் யாருக்குப் போடுவாரோ அவருக்கே போட்டுக் கதவைச் சாத்துங்கள். பின்னால் இருப்பவர் வேறொருவருக்குப் போட்டுத்தான் ஆகவேண்டும், ஆனால் எல்லா வாரமும் இல்லை. முதல் இரண்டு பெயருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத வாரம் என்று சில வரும், ஹாலந்த் வெளியூரில் ஒரு கெட்டியான டிஃபென்ஸோடு ஆடுவார், வேறொருவருக்கு சொந்த மைதானத்தில் சொத்தை எதிரி. அந்த வாரம் பிரிந்து போங்கள். சும்மா வித்தியாசமாக இருக்கட்டும் என்று பத்தாவது நல்ல கேப்டனைத் தேடிப் பிடிப்பதில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை.

சீசனின் கடைசி வாரமான 38-ஆவது வாரம் மட்டும் நான் மேலே சொன்ன மாதக் கணக்கு செல்லாது. அதற்குப் பிறகு மேட்ச் கிடையாது, டிரான்ஸ்ஃபருக்கும் கேப்டனுக்கும் ஒரே நாள்தான். பத்து மேட்சும் ஒரே நேரத்தில் தொடங்கும். இறங்குவதா தப்பிப்பதா, ஐரோப்பிய இடமா இல்லையா என்று எதையாவது பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் அணிகளின் ஆட்களைப் பாருங்கள், ஏற்கெனவே எல்லாம் முடிந்துபோன அணிகளில் சின்னப் பையன்களை இறக்கிப் பார்ப்பார்கள். சேர்த்து வைத்த ஃப்ரீ டிரான்ஸ்ஃபர் ஒன்றுகூட அடுத்த சீசனுக்கு வராது, இருப்பதை எல்லாம் அன்றே செலவழித்துவிடுங்கள்.